அறுநூற்று நாற்பது, ஓகே

பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி போடும் தொழிலில் மூடியைத் திறந்ததும் முதலில் நடுங்குவது நம் கைதான் என்பதை, இதில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில், பட்டதாரிகளுக்கு வேலை கிடைக்காத ஒரு காலத்தில், கணிதப் பட்டத்தோடு வெளியே வந்தேன். அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து அலுத்தபின் ஈப்போ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறவர்கள். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சேர்ந்த வாரமே அம்மா, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க, "மகன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் புரொபேஷன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் சட்டம் எளிமையானது. நாம் கைவைத்த மெஷின் நம்முடைய தவறால் திரும்பி வந்தால், சுவரில் நம் பெயருக்கு நேராக ஒரு கோடு. ஆறு மாதத்தில் மூன்று கோடு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. சேர்ந்த நாளிலிருந்து நான் மெமரி போட்டதைவிட அந்தச் சுவரைப் பார்த்ததுதான் அதிகம்.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய மெஷின்களில் மெமரி என்பது பதினாறு கால் கொண்ட சின்னச் சின்னச் சிப்புகள். வரிசைக்கு ஒன்பது. எட்டு வேலை பார்க்கும். ஒன்பதாவது, அந்த எட்டும் ஒழுங்காக வேலை பார்க்கின்றனவா என்று பார்க்கும். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைச் சொல்வதுபோல, கடையில் நாங்கள் அதை மண்டோர் என்போம். ஏதாவது ஒன்று பிசகினால் மண்டோர் சத்தம் போடுவார். மெஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இருநூற்றைம்பத்தாறு கிலோபைட்டில் இருக்கும் மெஷினை அறுநூற்று நாற்பதுக்கு ஏற்ற இருபத்தேழு சிப் வேண்டும். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கி உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டால், திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 640, ஓகே என்று நிற்கும். அந்த ஓகே வரும்வரை நான் மூச்சு விட்டதில்லை.

கருகியது என்ன

முதல் மாதம். டவுனில் வீடியோ டேப் வாடகைக்கு விடும் பாய் ஒருவர், எந்த டேப் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். பட்டியல் நீண்டு மெஷினுக்குள் அடங்கவில்லை. நானும் சக ஊழியன் ஆ கியோங்கும் போனோம். அவன் சீனன், அவன் அப்பாவுக்குத் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை இருந்ததால் என்னைவிடச் சுத்தமாகத் தோட்டத் தமிழ் பேசுவான். ஒவ்வொரு சிப்பிலும் ஒரு முனையில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். எல்லா வெட்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இருபத்தாறு சரியாகப் பார்த்தன. இருபத்தேழாவதைப் போடும்போது கடையில் ஓடிய படத்தில் சண்டைக் காட்சி வந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். திரையில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை. ஆ கியோங் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். "அலாமாக், மச்சான்! டிகிரிக்காரன் தல கீழா வச்சிட்டியே லா!" அந்தச் சிப்பைத் தொட்ட விரலில் மூன்று நாள் கொப்புளம். சுவரில் முதல் கோடு. பாய் மட்டும் கோபப்படவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையும் அவர் குடும்பத்துடையதுதான். மெஷின் பக்கம் குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மசாலா கருகுனா எனக்குத் தெரியும் தம்பி. இது நம்ம கடை இல்ல. ஒங்க கடைதான்."

அமுக்குவதற்கு ஒரு பட்டம்

குனோங் ராபாட்டில் டியூஷன் நடத்தும் ஆசிரியர் ஒருவருக்கு, மெஷின் அடிக்கடி நின்றுபோனதால் புது மெமரி போட வேண்டும் என்று ஓர் எண்ணம். திறந்து பார்த்தேன். பகலில் சூடேறி, மாலையில் ஆறி, தினமும் அப்படியே நடந்ததில், சிப்புகள் எல்லாம் மழைக்குப் பிந்திய மண்புழு மாதிரி மெல்ல மெல்ல மேலே வந்திருந்தன. புதிதாக எதுவும் வேண்டியதில்லை. வரிசையாகக் கட்டைவிரலால் அமுக்கினேன். டக், டக், டக் என்று ஒவ்வொன்றும் உள்ளே போயிற்று. மெஷின் ஓடியது. "புது மெமரி வேண்டாம் சார், இதே போதும்" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஏமாந்துபோன முகம். மெஷினையும் என் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். வாசல் வரை வந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்: "யூனிவர்சிட்டிக்கு அனுப்பி அமுக்கவா கத்துக் குடுத்தாங்க?"

நாற்பது வினாடி ஜாதகம்

புந்தோங்கில் ஒரு ஜோதிடர் ஜாதகம் கணிக்கக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். கிரகங்கள் நிற்கும் இடத்தை மெஷின் கணக்குப் போட்டு முடிக்கக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மெஷின்களில் கணக்குக்கென்றே தனிச் சிப் வைக்க ஓர் இடம் காலியாக இருக்கும். விலை கூடின சமாச்சாரம். தவுக்கே அதைப் பேசி விற்றார். நான் போய் வைத்தேன். கால்மணி நேர வேலை நாற்பது வினாடியில் முடிந்தது. ஜோதிடர் என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. அதை எடுத்துவிட வேண்டுமாம். சுவரைப் பார்த்தேன். இது கோடா, இல்லையா? வேகமாக ஓடுகிறது என்று புகார் வந்தால் அது யார் தவறு? தவுக்கே இரண்டு நாள் யோசித்து, கோடு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். நான் போய்ச் சிப்பைக் கழற்றினேன். ஏன் என்று கேட்காமல் வர முடியவில்லை. அவர் ஒளிக்காமல் சொன்னார். மெஷின் கணக்குப் போடும் நேரத்தில் வந்தவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள், பேசுவார்கள். மகள் எந்த பேக்டரியில் வேலை செய்கிறாள், மகன் ஏன் வீட்டுக்கு வருவதில்லை, மருமகள் என்ன சொன்னாள் என்று வரிசையாக வரும். நாற்பது வினாடியில் யாரும் வாயைத் திறப்பதற்குள் காகிதம் வந்துவிடுகிறது. "கிரகம் எங்க இருக்குன்னு மெஷின் சொல்லும் தம்பி. மனுசன் எங்க இருக்கான்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். அதுக்கு நேரம் வேணும்ல?"

பின்பக்கத்து வாசல்

இது நான்காவது மாதம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ். எங்கள் தோட்டமில்லை, ஆனாலும் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரிலிருந்து வரும் வாடையும் அமோனியா நெடியும் என்னை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டன. அந்தக் காற்றில், மெஷினுக்குள் செருகியிருக்கும் கார்டுகளின் செம்புப் பற்கள் கறுத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் ரப்பரால் தேய்த்து அவற்றைப் பளிச்சென்று ஆக்கினேன். பழைய கார்டு ஒன்றைக் கழற்றி, சிப்புகள் பதித்த மெமரி கார்டை வேறு இடத்தில் செருகினேன். கழற்றிய இடத்தில் மெஷினின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விழும். அதை மூட ஒரு தகடு உண்டு. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மரம் வெட்டு முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் ஜன்னலில் கூடிவிட்டார்கள். "இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ள?" "பாரேன், எப்படி பயந்து பயந்து தொடுது, பச்சப் புள்ளய தூக்குற மாதிரி!" ஒருவர், "கல்யாணம் ஆயிருச்சா தம்பி?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவசரமாக மூடிவிட்டுக் கிளம்பினேன். தகடு என் பையில் இருந்தது சட்டையைத் துவைக்கும்போதுதான் தெரிந்தது. சின்னச் சந்துதானே, அதனால் என்ன வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் மெஷின் நின்றுபோனது. திறந்தால், நான் வைத்த மெமரி கார்டின் மேல் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. ஓரத்தில், சூடு இதமாக வரும் மூலையில், இரண்டு வெள்ளை முட்டை. உள்ளே போக வாசல் திறந்து வைத்தவன் நான். இரண்டாவது கோடு. ஆபீஸின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மெமரி போட்டுத் தாங்கன்னா, குடும்பம் வச்சுக் குடுத்திட்டீங்களே தம்பி."

தைப்பிங், இரண்டரை மணி

இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

புரொபேஷன் முடிய ஏழு வாரம் இருந்தது. தைப்பிங்கில் ஒரு வழக்கறிஞர் ஆபீஸில் மெமரி ஏற்றினேன். நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்பவர் சரோஜா அக்கா. நாற்பதைத் தாண்டியவர். பதினாறு வருடம் அதே மேசை; அதில் பதினைந்து வருடம் டைப்ரைட்டர். மெஷின் 640, ஓகே என்றது. நானும் மூச்சு விட்டு, ஈப்போவுக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் போன். மெஷின் திடீர் திடீரென்று நிற்கிறது. பாதி அடித்த பத்திரம் போய்விடுகிறது. கடை வேனில் நானும் ஆ கியோங்கும் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். அவன் என்னை இறக்கிவிட்டுக் கமுந்திங்கில் ஒரு பேக்டரிக்குப் போனான். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை எல்லாச் சோதனையும் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. சரோஜா அக்கா பக்கத்தில் நின்று, "காலையில நல்லாத்தான் இருக்கும் தம்பி. மத்தியானத்துக்கு மேலதான் நிக்கும்" என்றார். அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது.

வேலைத்தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'தெரியவில்லை' என்று எழுதினால் தவுக்கே அதை நம் தவறாகத்தான் எடுத்துக்கொள்வார். மூன்றாவது கோடு. நான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, 'பயன்படுத்துபவரின் தவறு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. உண்மை என்று தெரிந்தும் எழுதவில்லை. அந்தத் தாளின் ஒரு நகல் வழக்கறிஞரின் மேசைக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து வழக்கறிஞரே போன் செய்தார். ரிப்பேருக்கு இல்லை. முதல் தேதியிலிருந்து ஒரு புதுப் பெண் வேலைக்கு வருகிறாள், அவளுக்குக் கம்ப்யூட்டர் பழக்கிவிட ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். "பழைய ஆளுக்கு இது சரிப்படல. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தைப்பிங்கில் வழக்கம்போல மழை. சரோஜா அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பக்கத்துல உக்காந்து பாக்கணும் அக்கா" என்றேன். "பாருங்க. ஒங்க மெஷின்தானே" என்றார். அவர் அடித்தார், நான் பார்த்தேன். ஒரு விரல்கூடத் தவறவில்லை. சாப்பாட்டு நேரம் போயிற்று. இரண்டரை மணிக்கு, அவர் கையை விசையிலிருந்து எடுத்து ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, திரை கறுத்தது. மூலையில், மெமரி பிசகிவிட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. மண்டோர் சத்தம் போட்டுவிட்டார்.

அந்தச் சூட்டோடு திறந்தேன். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு சிப்பாக நெம்பி எடுத்தேன். இரண்டாம் வரிசையில் ஐந்தாவது. பதினாறு கால்களில் பதினைந்து நேராக இருந்தன. ஒன்று மட்டும் வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். அதை அமுக்கி உட்கார வைத்தது என் கட்டைவிரல். காலை நிமிர்த்தித் திரும்ப வைத்தேன். ஐந்து மணி வரை மெஷின் நிற்கவில்லை.

புதுத் தாள் எடுத்து 'காரணம்' கட்டத்தில், 'மெமரி போட்டவரின் தவறு' என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுச் சரோஜா அக்காவிடம் நீட்டினேன். அவர் படித்தார். திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"லாயர்கிட்ட குடுத்துருங்க அக்கா."

"என்னைய ஏசுனப்ப காயிதத்துல எழுதி ஏசல தம்பி. இந்த மேசைக்கு முன்னால நின்னு, ஆபீஸ் பையன்லேர்ந்து கட்சிக்காரங்க வரைக்கும் பாக்க ஏசுனாரு. நீங்களும் இங்க நின்னு சொல்லுங்க."

வழக்கறிஞரை அவர் அறையிலிருந்து கூப்பிட்டேன். வெளியே நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாளின் நகலை அவரிடம் கொடுத்து, சிப்பின் கால் மடங்கிக் கிடந்ததை அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர், "அப்ப மெஷின்தான் கோளாறா?" என்றார். மெஷின் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம். "இல்ல சார். மெஷின் நல்லாத்தான் இருந்திச்சி. இவங்களும் சரியாத்தான் செஞ்சாங்க. என் கைதான்" என்றேன்.

அவர் சரோஜா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தாளைப் படித்துவிட்டு, "சரோஜா, அந்தப் புதுப் பொண்ணுக்குப் போன் போட்டு, வர வேணாம்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவளும் வீட்டில் யாரிடமோ வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருப்பாள். சரோஜா அக்கா போனை எடுத்தவர், உடனே சுழற்றவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தவுக்கேயிடம் இரண்டு தாள்களையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். எழுந்துபோய்ச் சுவரில் மூன்றாவது கோட்டைப் போட்டார். வேலை போயிற்று என்று நான் என் ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்து வைக்க ஆரம்பித்தேன். அவர் திரும்பி, தமக்கே உரிய மலாயில், மூன்று கோடு என்றால் நிரந்தரம் கிடையாது, அது சட்டம்; போகச் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை; மறுபடியும் ஆறு மாதம் புரொபேஷன், முதலிலிருந்து, என்றார். பக்கத்தில் ஆ கியோங், "ரெண்டாம் தடவ ஒண்ணாம் வகுப்பு, மச்சான்" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்ததை அவன் பார்க்கவில்லை.

ஆனால் இதெல்லாம் மறுநாள் கதை. முதல் நாள் மாலை, நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, சரோஜா அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை வந்தார். மழை விட்டிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நன்றி சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை. சாதாரணமாக, நேரம் சொல்வதுபோலச் சொன்னார்: "அன்னைக்கு இன்னும் மூணு மணி நேரம் உக்காந்திருந்தா போதும் தம்பி."

ஆக, ஒரு வருடம் முழுக்கப் புரொபேஷனிலேயே இருந்த ஒரு பட்டதாரி தன் சக தொழிலாளிகளுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மெமரி போட அரைமணி நேரம் போதும், அதைச் சரியாகப் போட்டோமா என்று தெரிந்துகொள்ள, சோற்றுப் பொட்டலத்தோடு போக வேண்டும்.